பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் ஊரில் யாரும் வெறுமனே தண்ணி என்று சொல்லிக் கேட்டதில்லை. ஊர்க் கிணத்துத் தண்ணி, தோட்டத்துத் தண்ணி, ஏரிக்கரைத் தண்ணி, மழைத்தண்ணி என்று முன்னால் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாட்டுக்கும் பாத்திரத்துக்கும். தோட்டத்துத் தண்ணீர் குடிக்க. மழைத்தண்ணீர் தலைக்கு. பருப்புக்கு மட்டும் வடக்கே அரை மைல் நடந்து, பனைமரங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு பழைய கிணற்றுக்குப் போக வேண்டும். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் அம்மா முதலில் எட்டிப் பார்ப்பது பருப்புத் தண்ணீர் வைத்திருக்கும் தவலையைத்தான்.

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கத்து மேட்டு நிலத்தில் இருக்கிறது ஊர். நான் பிறந்தபோது இருநூறு வீடுகூடத் தேறாது. காவிரி தமிழ்நாட்டுக்குள் வருவதே எங்கள் மாவட்டத்து ஒகேனக்கல் வழியாகத்தான் என்பது எங்களுக்குப் பாடப்புத்தகப் பெருமை. ஆடிப்பெருக்குக்கு லாரி பிடித்துப் போய்க் குளிப்போம். ஒரு சொம்பில் காவிரியைப் பிடித்துவந்து சாமி மாடத்தில் வைப்போம். ஆறு பள்ளத்தில் ஓடியது, நாங்கள் மேட்டில் இருந்தோம். குடித்ததெல்லாம் பாறை இடுக்கில் ஊறிய தண்ணீர்.

மேல்மண் மெல்லிசு. அதற்குக் கீழே சுக்கான்கல், அதற்கும் கீழே கருங்கல். மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்கள் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு துளி புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு, வழியில் இருக்கும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் அரித்து எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேருகிறது. ஊர்க் கிணற்றைத் தூர்வாரும்போதெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் கூடைக் கணக்கில் வெளியே வரும். பனைமரக் கிணறு எப்படித் தப்பியது என்று யாரும் கேட்டதில்லை. அது பருப்புக் கிணறு, அவ்வளவுதான்.

துவரம்பருப்பு வேகாத வீட்டுக் கோபம் தனி ரகம். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் அரைச்சுமை விறகு எரிந்த பிறகும் பருப்பு முழிமுழியாகக் கிடக்கும். விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விடுவார்கள், மஞ்சள்தூள் போடுவார்கள், வேறு வழியே இல்லையென்றால் சோடா உப்பு. என் ஆயாவுக்குச் சோடா உப்பு ஆகாது. “சோடா போட்டா பருப்பு வேவும், ருசி செத்துப்போவும்” என்பாள். அம்மாவுக்கும் அவளுக்கும் நடந்த சண்டைகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை. வேலை அவசரத்தில் அம்மா பக்கத்துக் கிணற்றில் மொண்டு வந்துவிடுவாள். ஆயா பருப்பை மத்தால் ஒரு கடை கடைந்து பார்த்தே எந்தக் கிணறு என்று சொல்லிவிடுவாள்.

வேதியியல் படிக்கப் போன பிறகு எனக்கு இதன் காரணம் கிடைத்தது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின். தண்ணீரில் வரும் கால்சியம் அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. பிறகு எத்தனை கொதி கொதித்தாலும் அது கரைந்து கொடுக்காது. சோடா உப்பின் காரம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. புளிக்கரைசலை முன்கூட்டியே ஊற்றினால் பருப்பு வேகாது என்பதும் இதே கதையின் இன்னொரு முனைதான், அமிலத்தில் பெக்டின் அசைந்து கொடுப்பதில்லை. ஆயாவுக்கு எழுத்தறிவு கிடையாது. இதில் அவளுக்குத் தெரியாமல் இருந்தது பெக்டின் என்ற பெயர் மட்டும்தான்.

சோப்புக்கும் இதே கதி. கிணற்றடிக் கல்லில் பார் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்போம். சோப்புத்தான் கரையும், நுரை வராது. துவைத்த துணியில் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். சோப்பின் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பசையாகிவிடுகிறது. தண்ணீரில் உள்ள கால்சியம் தீர்ந்த பிறகுதான் மிச்சமிருக்கும் சோப்பு நுரைக்கத் தொடங்கும். எங்கள் வீட்டில் வாங்கிய சோப்பில் எத்தனை பங்கு அழுக்கைப் போக்கியது, எத்தனை பங்கு கிணற்றோடு மல்லுக்கட்டியது என்று அப்பா கணக்குப் பார்க்காமல் இருந்தது நல்லது. தலைக்கு உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பு. அது எந்தத் தண்ணீரிலும் ஏமாற்றாது. அரப்பிலும் சீயக்காயிலும் இருக்கும் சப்போனின் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. 1980-களில் நிர்மா பொட்டலம் கடைக்கு வந்தபோது பெண்கள் அதைக் கொண்டாடியதற்கு விளம்பரப் பாட்டு மட்டும் காரணமில்லை. எங்கள் ஊருக்கு வந்ததில் உப்புத் தண்ணீரில் நுரைத்த முதல் சலவைப் பொருள் அது. எங்கள் கிணற்றுக்காகவே செய்த மாதிரி இருந்தது.

வெந்நீர் அண்டாவின் உட்பக்கம் விரற்கடை கனத்துக்கு வெள்ளைப் படிவு ஏறியிருக்கும். மாதம் ஒருமுறை புளிச்சக்கையை ஊறவைத்துத் தேய்த்தால் சுர்ரென்று பொரிந்து கழன்று வரும். கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறிவிடுவதால், கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிவிடுகிறது. அதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு அண்டாதான் நினைவுக்கு வந்தது. சல்பேட்டாகவும் குளோரைடாகவும் கரைந்திருப்பது கொதித்தாலும் போகாது. அது நிரந்தரக் கடினத்தன்மை.

1982-83-ல் மழை பொய்த்தது. தமிழ்நாடு முழுக்கவே பொய்த்த வருடங்கள் அவை. எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தோட்டத்துக் கிணறு வற்றிற்று, பனைமரக் கிணற்றில் பாசி பிடித்த ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. ஊர்க் கிணற்றில் ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் இறங்கிச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். அந்தக் கோடையில்தான் ரிக் வண்டி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒன்று, காலனியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் துளை போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டது போலத்தான், ஒருவரும் வகுப்பில் இல்லை. சாம்பல் நிறப் பாறைத்தூள் புகையாகப் பொங்கி வேப்பமரம் முழுக்க அப்பிக்கொண்டது. இருநூறு அடிக்கு மேல் போன பிறகு ஈரம் தட்டியது, பிறகு ஆளுயரத்துக்குத் தண்ணீர் பீச்சியடித்தது. பெரியவர் ஒருவர் அதில் தலையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

அதன்மேல் இந்தியா மார்க்-2 கைப்பம்பைப் பொருத்தினார்கள். யுனிசெஃப் உதவியோடு உருவாகி, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் முதலில் தயாரிக்கப்பட்ட அந்தப் பம்பை இந்தியாவின் லட்சக்கணக்கான ஊர்கள் அறியும். நீளமான கைப்பிடி. சிறு பிள்ளைகள் அதில் தொங்கி, உடம்பின் முழு எடையையும் போட்டுத்தான் அடிக்க முடியும். பள்ளிக்கூடத்துப் பம்புத் தண்ணீரை ஆயா கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தாள். அன்று மாலையே அந்தத் தண்ணீரில் பருப்பு போட்டாள். ஒரே கொதியில் மலர்ந்துவிட்டது. மறுநாள் சோப்பு, அதற்கு மறுநாள் டீ. டீக்கடைக்காரர் அதுவரை வைத்த டீயின்மேல் எண்ணெய் மாதிரி ஓர் ஏடு மினுங்கும். பம்புத் தண்ணீர் வந்த பிறகு டீ செக்கச்செவேலென்று தெளிந்து நின்றது. “தேனு மாதிரி இருக்குது சாமி, இனிமே எதுக்கு அரை மைலு நடக்கணும்?” என்றாள் ஆயா. அவளுடைய எல்லாப் பரீட்சையிலும் அந்தத் தண்ணீர் தேறிவிட்டது.

காலனிப் பம்பில் வந்தது உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அங்கிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துப் பம்புக்குக் குடத்தோடு வந்தார்கள். ஊர்க் கிணற்றில் அவர்கள் மொள்ளக் கூடாது என்றிருந்த காலம். கிணறு ஊருடையது என்று சொன்னவர்களால் பம்பையும் அப்படிச் சொல்ல முடியவில்லை, அது சர்க்கார் பணத்தில் வந்தது. ஆனாலும் சொன்னார்கள். வாய்ச்சண்டை, பிறகு குடம் உடைப்பு, பிறகு தாலுகாவிலிருந்து ஆள் வந்து பேச்சுவார்த்தை. கடைசியில் காலனிக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதாத ஒரு தீர்ப்பு. வெயிலில், அதுவும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம் மட்டும். அந்தத் தூரத்துக்கும் வெயிலுக்கும் பயந்து பெரும்பாலானவர்கள் தங்கள் உப்புப் பம்போடே இருந்துவிட்டார்கள்.

என் தம்பி பிறந்தது 1984-ல். எனக்கும் அவனுக்கும் பதினான்கு வருட இடைவெளி, நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அவன் பால்பல் விழுந்து முளைத்த முன்பற்களில் முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டது போல வெள்ளை வரி தெரிந்தது. இரண்டு வருடத்தில் அது மஞ்சளாகி, பிறகு காவியாகி, பல்லின் குறுக்கே பட்டையாக நின்றது. சரியாக விளக்குவதில்லை என்று அம்மா அவனை அடித்தாள். செங்கல் தூள், அடுப்புக் கரி, உப்பு, எலுமிச்சைத் தோல் என்று எல்லாம் போட்டுத் தேய்த்ததில் ஈறுதான் புண்ணானது. அவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே காவி. சிரிக்கும்போது கையை வாய்க்குக் குறுக்கே கொண்டுபோகும் வழக்கம் ஒரு தலைமுறைக்கே வந்துவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு அது வேறொரு விலை வைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பித் தட்டை வாங்கிக்கொண்டு, பேச்சுக் கொடுப்பது போல வாயைப் பார்த்தார்கள். தரகர்கள் எங்கள் ஊரைச் சொல்லும்போதே “பல்லு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம்.

என் பல்லில் கறை கிடையாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே அம்மா. இதைப் பற்றிச் சின்ன வயதில் நான் யோசித்ததெல்லாம், நான் ஒழுங்காகப் பல் விளக்குகிறேன் என்பதுதான். பல்லின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் அதில் எழுதுகிறது. என் பற்கள் பம்பு வருவதற்கு முன்பே உள்ளுக்குள் முடிந்துவிட்டவை.

உலகத்துக்கு இது புதிய செய்தி இல்லை. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-ல் போன பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, அங்கிருந்தவர்களின் காவிப் பற்களைப் பார்த்துத் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று முப்பது வருடம் விடாமல் தேடினார். 1931-ல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில் அது புளோரைடு என்று கண்டுபிடித்தார். நம் பக்கத்தில் 1937-லேயே, கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் இருந்த ஷார்ட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்து ஊர்களில் பல் கறையோடு முதுகெலும்பு இறுகிப்போன மனிதர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் துளை போட்டது அதற்கு நாற்பத்தைந்து வருடம் கழித்து. அந்த எழுத்து ரிக் வண்டியில் ஏறி வரவில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் சேர்ந்த பிறகு, தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் செய்முறை வந்தது. ஊருக்குப் போனவள் ஊர்க் கிணறு, காலனிப் பம்பு, பள்ளிக்கூடத்துப் பம்பு மூன்றிலும் பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். அம்மோனியாத் தாங்கல் கரைசலின் நெடி கண்ணை எரிக்கும். எரியோகுரோம் பிளாக்-டி போட்டதும் தண்ணீர் ஒயின் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ.வைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தால், கால்சியமும் மக்னீசியமும் முழுக்கப் பிடிபட்ட அந்தச் சொட்டில் சிவப்பு சட்டென்று நீலமாகும். எனக்கு இன்றைக்கும் பிடித்த செய்முறை அதுதான். பிறகு ஆசிரியையாகிப் பல வருடம் பிள்ளைகளுக்கு அதைச் செய்துகாட்டியபோதும் அந்த நீலம் வரும்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வரும்.

ஊர்க் கிணறு லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியது. காலனிப் பம்பு அதற்குக் கொஞ்சம் கீழே. பள்ளிக்கூடத்துப் பம்பு 200-ஐ எட்டவில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். “உங்க ஊர்ல இந்தப் பம்பு கிடைச்சது அதிர்ஷ்டம்மா” என்றார் எங்கள் பேராசிரியை. ஆயாவின் நாக்குச் சொன்னதையே பியூரெட்டும் சொன்னது. புளோரைடு பார்க்கும் வசதி எங்கள் ஆய்வகத்தில் அன்று இல்லை, அது பாடத்திட்டத்திலும் இல்லை.

புளோரைடு கணக்கு வந்தது பல வருடம் கழித்து, மாவட்டம் முழுக்க மாதிரி எடுத்துப் பரிசோதித்தபோது. தாளைத் தம்பிதான் எனக்குக் கொண்டுவந்து காட்டினான். வரம்பு 1.5 மில்லிகிராம். பள்ளிக்கூடத்துப் பம்பு அதை நன்றாகவே தாண்டி நின்றது. காலனியின் உப்புப் பம்பு வரம்புக்குள் இருந்தது. தாளை இரண்டு தடவை பார்த்தேன், வரிசை மாறிவிட்டதோ என்று. மாறவில்லை. அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. கிரானைட், நைஸ் பாறைகளில் இருக்கும் அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு தண்ணீருக்கு வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால், புளோரைடு ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. இரண்டும் சேர்ந்து கால்சியம் புளோரைடாகி வெளியே படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் அதைத் தடுக்க ஆளில்லை. அப்படிப்பட்ட தண்ணீர்தான் சோப்புக்கு நுரைக்கும், பருப்பை மலர்த்தும், நாக்குக்கு இதமாக இருக்கும். எல்லா ஊருக்கும் இதை விதியாகச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே மிகுந்த கிணறுகளும் உண்டு. எங்கள் ஊரில் இப்படித்தான் அமைந்தது.

ஊர் தன் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் செலவழித்துத் தேர்ந்தெடுத்த தண்ணீர் அது. சண்டை போட்டுக் காத்த தண்ணீர். காலனிப் பிள்ளைகளுக்குக் கறை இல்லாமலில்லை, அவர்களும் பள்ளிக்கூட இடைவேளையில் அந்தப் பம்பில்தான் வாய் வைத்துக் குடித்தார்கள். ஆனால் அதற்குள் ஆறு வயது ஆகியிருக்கும், முன்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். கறை கடைவாய்க்குப் பக்கத்தில் லேசாக நிற்கும். கைக்குழந்தையிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள். இதை யாரும் ஊரில் உரக்கப் பேசவில்லை. பேசினால் பழைய குடம் உடைப்பையும் பேச வேண்டிவரும்.

பல்லோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பா ஐம்பது வயதில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பார்ப்பவராக ஆனார். உட்கார்ந்து எழ முடியாது, வண்டியில் ஏற முடியாது. வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். ஒரு மருத்துவர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். கிருமிக்குச் சரி. புளோரைடு கொதித்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றவற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வொன்றில் புளி சாப்பிட்டவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது என்று படித்தபோது, எங்கள் வீட்டுப் புளிக்குழம்பு கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கும் என்று ஒரு அற்ப ஆறுதல். நல்கொண்டா முறை என்று படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுப் புளோரைடை நீக்கும் வழியை நாக்பூரின் நீரி நிறுவனம் கண்டு சொல்லியிருந்தது. வீட்டுக்கு வீடு வாளியில் அளந்து போட்டுக் கலக்கித் தெளியவைத்து வடிக்க வேண்டும். களையெடுக்கப் போகிற பெண்ணிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அரசியலை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. 2008-ல் அடிக்கல், உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு, சென்னையில் நடிகர்களின் உண்ணாவிரதம், ஜப்பானிய ஜைக்கா கடன், 2013 மே மாதம் திறப்பு விழா. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குமான அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்பு என்பது சேர்ந்திருந்தது. பள்ளத்தில் ஓடிய காவிரி எங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி வந்தது. முதல் நாள் குழாயில் வந்ததைப் பிடித்துக் கற்பூரம் காட்டினார்கள். இரண்டாம் நாளே குறை சொல்ல ஆரம்பித்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை, சப்பென்று இருக்கிறது, தாகம் அடங்கவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் குறையே இல்லை, அவள் மேட்டூர்ப் பக்கத்துக்காரி. அந்தத் திட்டத்துக்குப் பிறகு பிறந்த தம்பி மகளின் முன்பற்கள் வெள்ளையாக முளைத்தபோது அவன் அவளை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததாக அவன் பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும்.

இதற்கிடையில் ஆர்.ஓ. விற்கிறவர்கள் வந்தார்கள். ஒருமுறை நான் ஊரில் இருந்தபோது கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் வந்து, திண்ணையில் இரண்டு டம்ளர் வைத்தான். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். மின்கம்பி பொருத்திய உலோகக் குச்சிகளை இரண்டிலும் விட்டு ஸ்விட்சைத் தட்டினான். குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் கலங்கி, பழுப்பு நுரையாய்ப் பொங்கியது. மற்றது தெளிந்தே நின்றது. “இதைத்தாம்மா நீங்க தினம் குடிக்கறீங்க, கிட்னியில கல்லு எப்படி வராம இருக்கும்?” என்றான். கூடியிருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். நான் உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவனுடைய தண்ணீரில் போட்டு, மறுபடி ஸ்விட்சைப் போடச் சொன்னேன். அதுவும் பழுப்பாய்ப் பொங்கிற்று. கரைந்திருந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது, மின்சாரம் இரும்புக் குச்சியை அரிக்கிறது, பழுப்பு முழுக்க அந்தக் குச்சியின் துரு. பையன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அவனுக்கே அது புதிதாக இருந்தது. “கம்பெனியில இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க மேடம்” என்றான். அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு எரிச்சலூட்டியது ஏமாற்று வேலைகூட இல்லை. கடினத் தண்ணீரை வைத்துப் பயம் காட்டினான் என்பதுதான். கடினத்தன்மைக்கு உடல்நலத்தை முன்வைத்து உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. சோப்புக்கும் குழாய்க்கும் அது எதிரி, எலும்புக்கு அது கொஞ்சம் கால்சியம் கொடுக்கும். எங்கள் ஊரில் ஆர்.ஓ. வாங்க ஓர் உண்மையான காரணம் இருந்தது. போர் தண்ணீரையே குடிக்க நேர்ந்தால் புளோரைடைப் பெருமளவு நீக்கித்தரும் கருவி அது. அந்தப் பையன் புளோரைடு என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுகிற எண்ணில் புளோரைடு தெரியாது. ஆயிரக்கணக்கில் உப்பு கரைந்த தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராமும் மூன்று மில்லிகிராமும் எந்த மீட்டருக்குத் தெரியப்போகிறது?

இப்போதைய சிக்கல் வேறு. ஒகேனக்கல் தண்ணீர் நாள் தவறாமல் வருவதில்லை. மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, கோடை. வராத நாளில் டேங்க் ஆப்பரேட்டர் போர் தண்ணீரை ஏற்றிக் கலந்து விடுகிறார். இல்லாவிட்டால் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்த போரைக் கலப்பது? பள்ளிக்கூடத்து போரைத்தான் கலந்துகொண்டிருந்தார். கைப்பம்பை எடுத்துவிட்டு அதில் மோட்டார் இறக்கி வெகு காலமாகிறது. அதைக் கலந்தால் யாருக்கும் தெரியாது, ஒரு புகாரும் வராது. காலனி போரைக் கலந்தால் அன்றே நாலு பேர் உப்புக் கரிக்கிறது என்று வந்து நிற்பார்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். அதில் காலனிப் பெண் ஒருத்தி, பத்தாவது வரை என்னிடம் படித்தவள், அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மருந்தை விட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும் தண்ணீர், புளோரைடு கூடக்கூட மஞ்சளுக்குப் போகும். தெருக்குழாயில் பிடித்துப் பார்த்துத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவளுக்கு, எந்தெந்த நாளில் போர் கலந்திருக்கிறது என்பது மஞ்சளாகத் தெரிந்துவிட்டது. கலக்கத்தான் வேண்டுமென்றால் காலனி போரைக் கலங்கள் என்று ஆப்பரேட்டரிடம் கேட்டாள். அவர் முடியாது என்றார். அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனாள். மூன்று மாதமாகக் காலனி போர்தான் கலக்கிறது.

ஊரில் முணுமுணுப்பு. குக்கரில் பருப்புக்குக் கூட இரண்டு விசில், அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். சோலார் ஹீட்டர் வைத்த வீடுகள்தான் குதிக்கின்றன. என் தம்பி வீட்டு ஹீட்டர் குழாய் உப்புப் பிடித்து அடைத்து, ஆசிட் விட்டுச் சுத்தம் செய்ய பிளம்பருக்கு 800 ரூபாய் அழுததாக போனில் புலம்பினான். “உப்புத் தண்ணிய எங்க தலையில கட்டிட்டாங்கக்கா” என்றான். உன் மகள் பல் எப்படியடா இருக்கு என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான். வருகிற மார்ச் 22 கிராம சபையில் பள்ளிக்கூடத்து போரையே திரும்பக் கலக்கச் சொல்லி மனு கொடுக்க ஹீட்டர்காரர்கள் கையெழுத்து வாங்குகிறார்களாம். அவன் போட்டுவிட்டானா என்று கேட்டதற்கு, இன்னும் இல்லை என்றான். அந்தக் காலனிப் பெண்ணும் நோட்டைக் கொண்டுவருவாள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள், தெருவில் எல்லோர் முன்னாலும் வைத்து அந்த மருந்தைச் சொட்டுவிட.